தேயிலைப் பக்கெட்டில் பெயருக்கு ஒரு உரிமை, படத்துக்கு இன்னொன்று

இலங்கையின் ஹட்டனில் ஒருவர் தேயிலைத்தூளைப் பக்கெட் போட்டு விற்கிறார் என்று வைப்போம். பக்கெட்டில் கொழுந்துக் கூடை படம். மேலே ஒரு பெயர்.

படம் வரைந்து முடிந்த நிமிடமே பதிப்புரிமை வந்துவிடும். பதியத் தேவையில்லை, வரைந்தவர் ஆயுளும் அதன்பின் 70 வருடமும் நிற்கும். ஆனால் உரிமை வரைந்தவருக்கே. வெளி டிசைனருக்குக் காசு கொடுத்தால் மட்டும் போதாது, உரிமையை எழுத்தில் மாற்றிக் கையொப்பமும் வாங்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

பெயரைப் பதிப்புரிமை காக்காது. அதற்கு வியாபாரக் குறி, அதாவது ட்ரேட்மார்க். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், பொருள்களை வகைபிரித்த பட்டியலில் தேயிலை வரும் 30ஆம் வகுப்பில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு 10 வருடம், புதுப்பித்துக்கொண்டே போகலாம். வெறும் ‘நுவரெலியா டீ’ என்று கேட்டால் கிடைப்பது கஷ்டம்: ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் யாரோ ஒருவருக்குச் சொந்தமாகாது. கற்பனைச் சொல்லே பலமான குறி.

சிலோன் டீ பக்கெட்டுகளில் காணும் சிங்கச் சின்னத்தை இஷ்டத்துக்கு அச்சடிக்காதீர்கள்; அது இலங்கைத் தேயிலைச் சபையின் குறி.

‘பெயருக்குப் பேட்டன்ட் எடுத்தேன்’ என்பது வெறும் பேச்சு. அது புதுக் கண்டுபிடிப்புக்கு, உதாரணமாக ஒரு புதுவகை உலர்த்தும் இயந்திரத்துக்கு, 20 வருடம் கிடைப்பது.

பெயர், படம் இரண்டில் ஒன்றுக்குக் காசு செலவழிப்பதென்றால் முதலில் பெயருக்கே. படத்தை நாளைக்கு மாற்றலாம். கடைக்காரர் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்.