ஃபென்டனில் சோதனைப் பட்டை: மலிவு, ஆனால் கோட்டைக் கவனியுங்கள்

வட அமெரிக்கத் தெருக்களில் விற்கும் போதைப்பொருளில் கலந்துவரும் ஃபென்டனிலை (மிகக் கொஞ்சமே உயிரைப் பறிக்கக்கூடிய ஓபியாய்டு) கண்டுபிடிக்க, இந்தப் பட்டை அதன் விலைக்கு நல்ல பொருள்தான். 10 மில்லிகிராம் தூளை அரைத் தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து, அலைக்கோடு போட்ட முனையை 15 விநாடி முக்கி, மேசைமேல் 2 முதல் 5 நிமிடம் கிடத்தவும். ஒரு கோடு வந்தால் ஃபென்டனில் இருக்கிறது. இரண்டு வந்தால் அகப்படவில்லை. கர்ப்பச் சோதனைக்கு நேர்மாறு, பலர் தடுமாறுவது இங்கேதான். இரண்டாவது கோடு மங்கலானாலும் கோடுதான். சோதிப்பது மெத் (மெத்தாம்ஃபெட்டமின்), எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி) என்றால் முழுத் தேக்கரண்டி தண்ணீர். கரைசல் கெட்டியாக இருந்தால் இல்லாததை இருப்பதாகக் காட்டிவிடும்.

பெரிய குறை: அளவைச் சொல்லாது, கலப்படமாக வரும் நைட்டசீன் (வேறு வகை வலுவான ஓபியாய்டு), சைலசின் (கால்நடை மயக்கமருந்து) இரண்டையும் பிடிக்காது. மாத்திரையின் மூலையைச் சுரண்டிப் பார்த்துப் பயனில்லை, கலப்படம் ஒரே சீராகப் பரவியிருக்காது. எது வந்தாலும் நலோக்சோன் (ஓபியாய்டு மிகைமயக்கத்தை முறிக்கும் மருந்து) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.