பிரியோராத்தா, தோரோவா: முதிய கொடி ஒயினில் நான் எடுத்த பாட்டில்

வீட்டில் ஒரு விசேஷம். ஒரே ஒரு நல்ல பாட்டில் வாங்கலாம் என்று பார்சிலோனாவில் ஒரு கடைக்குப் போனேன். கடைசியில் கையில் நின்றவை இரண்டு. ஒன்று கட்டலோனியாவின் பிரியோராத், இன்னொன்று டுவெரோ ஆற்றங்கரையின் தோரோ. இரண்டுமே முதிய கொடிகளின் சிவப்பு ஒயின், இரண்டும் ஐம்பது யூரோவை ஒட்டிய விலை. அடர்ந்த நிறம், 14.5 முதல் 15 சதவீத ஆல்கஹால், கூடவே ஆட்டிறைச்சி வேண்டும் என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது.

வயதுதான் கணக்கு என்றால் தோரோ ஜெயித்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் பைலோக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. தோரோவின் மணல் நிலத்தில் அந்தப் பூச்சியால் பரவ முடியவில்லை. அதனால் அங்கே நூறு வயதைத் தாண்டியும் சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள் உண்டு. பிரியோராத்தில் அந்தப் பூச்சி தோட்டங்களைக் காலி செய்தது. இன்று அங்கிருக்கும் கிழட்டுக் கொடிகள் அதற்குப் பிறகு அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி நட்டவை. சரி, லேபிளில் 'முதிய கொடி' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஸ்பெயின் முழுவதற்கும் பொதுவான வயது வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. ரியோகா என்ற ஸ்பானிய ஒயின் வட்டாரத்தில் 'தனித் தோட்டம்' என்ற தகுதிக்குக் கொடிக்கு 35 வயது ஆகியிருந்தால் போதும்.

ஆனாலும் நான் எடுத்தது பிரியோராத். காரணம் ஒன்றுதான்: என் வீட்டில் நிலவறை கிடையாது.

தோரோவில் விளைவது தின்டா தெ தோரோ. டெம்ப்ரானியோ என்ற ஸ்பானியக் கருந்திராட்சையின் உள்ளூர் வடிவம், தோல் தடித்தது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்து பழத்தை முறுக்கேற்றிவிடும். மூன்று வயதான ஒரு தோரோவை முன்பு அவசரப்பட்டுத் திறந்தேன். நாவற்பழம் தின்ற நாக்கு போல அப்படியொரு துவர்ப்பு. கண்ணாடிக் குடுவையில் நாலு மணி நேரம் ஊற்றி வைத்தும் இறங்கவில்லை. அது அடங்கப் பல வருஷம் வேண்டும். அந்த வருஷங்கள் முழுக்க 12, 13 டிகிரியில் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். ஆகஸ்டில் முப்பதைத் தாண்டும் அடுக்குமாடி வீட்டில் அலமாரிக்குள் வைத்துப் பொறுமை காப்பது சூதாட்டம். சூட்டில் பழமணம் முதலில் போய்விடும், அப்புறம் துவர்ப்பு இறங்கித்தான் என்ன பயன்?

பிரியோராத் அவ்வளவு காக்க வைப்பதில்லை. அங்கே விளைவது முக்கியமாகக் கர்னாச்சா, காரின்யேனா என்ற இரண்டு திராட்சை வகைகள். கர்னாச்சா பழவாசனையும் வழவழப்பும் தரும். துவர்ப்பு குறைவு, ஆனால் காற்றுப் பட்டால் சீக்கிரம் சோர்ந்துபோகும். காரின்யேனாவிடம் இருப்பது புளிப்பு. ரசத்துக்குப் புளி போல, ஆல்கஹால் கனத்தை அதுதான் தூக்கி நிறுத்துகிறது. லிகொரேயா என்ற கருஞ்சிலேட்டுப் பாறைச் சரிவில் மண் என்று சொல்லவே ஒன்றும் இல்லை. வேர் பாறை இடுக்கில் இறங்கித் தண்ணீர் தேடுகிறது. பல கிழட்டுக் கொடிகள் ஒரு கிலோ பழம்கூடத் தருவதில்லை. டிராக்டர் ஏறாத சரிவுகளில் இன்றும் கோவேறு கழுதை உழுகிறது. விலை எங்கிருந்து வருகிறது என்பது அங்கே போய் நின்றால் புரியும்.

அதனால் கடையில் கேட்க வேண்டியது கொடியின் வயதை மட்டுமல்ல, காரின்யேனா எவ்வளவு என்பதையும்தான். நான் எடுத்ததில் பாதிக்குப் பாதி. ஐந்து வயதில் திறந்தோம். ஒரு மணி நேரம் குடுவையில் வைத்ததே போதுமாக இருந்தது. மிச்சத்தைக் கார்க் போட்டு வைத்து மறுநாள் இரவு குடித்தபோதும் தளரவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரியோராத்தில் பத்துப் பதினைந்து பாட்டில் பார்த்திருக்கிறேன், தோரோவில் மூன்றே மூன்று. அதிலும் பத்து வயதைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. நிலவறை வைத்திருப்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம். திறக்கும் நாளில் என்னையும் கூப்பிடுங்கள்.