ஏழு டிசம்பரும் ஓர் ஓடிஜியும்: வீட்டில் சுடும் சுக்குக் குக்கீ

மதுரை புதூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் 28 லிட்டர் ஓடிஜி (சுடவும் வாட்டவும் உதவும் சின்ன மின்சார அவன்) ஒன்று 2018 நவம்பரிலிருந்து ஓடுகிறது. ரொட்டி, கேக் எல்லாம் அதில் செய்கிறோம் என்றாலும், நான் அதை வாங்கியதே கிறிஸ்துமஸுக்கு ஜிஞ்சர்பிரெட் குக்கீ சுடத்தான். ஏழு டிசம்பர் பார்த்தாயிற்று. வாங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் சூடு. குமிழில் இருக்கும் எண்ணை நம்பக்கூடாது. முதல் வருடம் ஓரம் கருகி நடு வேகாமல் மூன்று தட்டு வீணானது. அடுத்த வருடம் உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தால், 180 வைத்த இடத்தில் 205 காட்டியது. இப்போது குமிழை 150-இல் வைத்து, 15 நிமிடம் காயவிட்டு, உள்ளே 170 வந்ததும்தான் தட்டை வைக்கிறேன். பின்பக்கம் வலது மூலையில் சூடு எப்போதுமே அதிகம். அதனால் ஆறாவது நிமிடம் தட்டைத் திருப்பி வைத்து, பத்தாவது நிமிடம் எடுத்துவிடுவேன். எடுக்கும்போது குக்கீ மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும். உள்ளேயே மொறுமொறுக்கட்டும் என்று காத்திருந்தால் கல்லாகிவிடும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பின் கருப்புப் பாகு) கேட்பார்கள். நான் கருப்பட்டிக்கு மாறிவிட்டேன். 350 கிராம் மைதாவுக்கு 125 கிராம் வெண்ணெய், 200 கிராம் கருப்பட்டி, ஒரு முட்டை. கருப்பட்டியைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். அடியில் மணல் நிற்கும். அப்புறம் பாகைப் பிசுபிசுவென்று வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டுச் சேர்க்கிறேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு வருடம் குக்கீயில் லேசாகச் சோப்பு வாடை வந்தது. காரணம் சமையல் சோடா. மொலாசஸில் புளிப்பு இருப்பதால் சோடா அதோடு சேர்ந்து நுரைத்து அடங்கிவிடும். பதநீருக்குச் சுண்ணாம்பு போடுவதால் கருப்பட்டியில் அந்தப் புளிப்பு கிடையாது. சோடாவை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டேன். வாடை போயே போய்விட்டது.

மசாலாவுக்குக் கீழமாசி வீதிதான். சுக்கு இரண்டு தேக்கரண்டி, பட்டை ஒன்று, கிராம்பு நான்கு, ஏலக்காய், துளி ஜாதிக்காய். பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டையில் காரம் தூக்கல். மெல்லிய சுருள்பட்டை கேட்டு வாங்குங்கள். சுக்கை அன்றன்றைக்கு இடித்துச் சலித்தால் வரும் மணம் பாக்கெட் தூளில் வரவே வராது. முதல் தட்டு வெந்துகொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நின்று, "ஏத்தா, அதிரசமா சுடுற?" என்று கேட்டார். வெல்லப்பாகு, சுக்கு, ஏலக்காய் என்று அவர் கைக்கு ஐம்பது வருடம் பழகிய மணம். அவர் மூக்கு சொன்னது சரிதான்.

மதுரையில் டிசம்பர் மாதத்திலும் மத்தியானம் வெண்ணெய் உருகும். மாவு இளகினால் நட்சத்திரத்தின் கால்கள் கையோடு இழுத்துக்கொண்டு வரும். பிசைந்த மாவை இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பாதி பாதியாக எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்க்கிறேன். வெட்டியபின் தட்டோடு பத்து நிமிடம் ஃப்ரீஸரில் வைத்தால் வடிவம் குலையாது. காலை ஆறு மணிக்குள் தேய்த்து முடித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

அலங்காரம் அத்தையின் பொறுப்பு. ஒரு முட்டை வெள்ளைக்கரு, 200 கிராம் ஐசிங் சர்க்கரை, நாலு சொட்டு எலுமிச்சை. கழுவிக் காயவைத்த பால் கவரைக் கூம்பாக மடித்து, நுனியை ஊசி அளவுக்கு வெட்டிக் கொடுத்துவிடுவேன். கடையில் வாங்கிய பைப்பிங் பையை அவர் ஒருமுறைதான் தொட்டார். புள்ளி வைத்து இழுக்கும் கை அது. கோடு எங்கும் நடுங்காது. ஆனால் மழை பெய்யும் நாளில் ஐசிங் காயாது, சிவப்பு வெள்ளைக்குள் கசிந்துவிடும். அந்த மாதிரி நாளில், அணைத்து வெதுவெதுப்பாக ஆறிய ஓடிஜிக்குள், கதவைப் பாதி திறந்து வைத்துக் காயவிடுகிறோம். ஐசிங் போட்டதை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், வேர்த்துவிடும்.

பழுது என்றால், 2022-இல் கீழ்க் கம்பி போனது. தெருமுனை எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். டைமர் மணி இப்போது அடிப்பதில்லை, போனில் அலாரம் வைக்கிறேன். கண்ணாடிக் கதவு இன்னும் இறுக்கமாகத்தான் மூடுகிறது. வாங்குகிறவர்கள் தனி 15 ஆம்ப் பிளக் போட்டுவிடுங்கள். 28 லிட்டரில் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு குக்கீதான் பிடிக்கும். 24-ஆம் தேதி இரவுப் பூசைக்கு லூர்து அன்னை கோயிலுக்குக் கிளம்புவதற்குள் எட்டு வீட்டு டப்பா நிரம்ப வேண்டும் என்றால், 21-ஆம் தேதியே மாவைப் பிசைந்துவிடுவேன். பாட்டி டப்பாவில் மட்டும் ஐசிங் கிடையாது. சுக்கு ஒரு தேக்கரண்டி கூடுதல்.