தோளை மூடும் தடுப்பா, தொடையை அழுத்தும் கம்பியா?

ரோலர் கோஸ்டரில் முதன்முதலாக ஏறப் போகிறவரிடம் கேட்டால், தலைக்கு மேலிருந்து இறங்கி மார்பை மூடும் தோள் தடுப்புதான் பத்திரம் என்பார். தொடைமேல் ஒற்றைக் கம்பி மட்டும் என்றால் முகம் சுருங்கிவிடும். நான் அந்த ஒற்றைக் கம்பியின் கட்சி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 1976-இல் திறந்த ‘ரெவல்யூஷன்’, செங்குத்து வளையத்தில் ஆட்களைத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டுபோன முதல் நவீன கோஸ்டர். அதில் தொடைக் கம்பி மட்டுமே இருந்தது. 1992-இல் தோள் தடுப்பைச் சேர்த்தார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் காதும் கன்னமும் அதில் இடிக்கின்றன என்று ஏறியவர்கள் ஓயாமல் முணுமுணுத்தார்கள். 2016-இல் புது ரயில் வந்தபோது தோள் தடுப்பு போய், பழைய முறை திரும்பியது. ஜெர்மனியின் அக்டோபர் திருவிழாவுக்கு 1989-இல் வந்த ‘ஒலிம்பியா லூப்பிங்’ அடுத்தடுத்து ஐந்து வளையங்களைச் சுற்றுகிறது. அதிலும் தொடைக் கம்பிதான்.

நீர் நிறைந்த வாளியைக் கைவீசித் தலைக்கு மேல் சுழற்றினால் சொட்டுக்கூடச் சிந்தாது. வளையத்தின் உச்சியிலும் அதே கதைதான். வேகம் நம்மை இருக்கையோடு சேர்த்து அழுத்திவிடுகிறது. பயப்பட வேண்டிய இடம், பார்வைக்குச் சாதுவாகத் தெரியும் மேடு. ரயில் அதன் உச்சியைத் தாண்டிச் சரியும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அப்போது இடுப்பையும் தொடையையும் இழுத்துப் பிடிப்பதுதான் உயிரைக் காக்கிறது. தோள் தடுப்பு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், அதன் கீழ்முனைக்கும் இருக்கைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

2022 மார்ச்சில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் அந்த இடைவெளிதான் ஓர் உயிரைக் கொண்டுபோனது. அது கோஸ்டர் அல்ல. 131 மீட்டர் உயரக் கோபுரத்தில் மேலே ஏற்றிக் கீழே விழவிட்ட ராட்டினம். தோள் தடுப்பு இருந்தது, பெல்ட் இல்லை. கையேட்டில் இருந்த எடை வரம்பு 130 கிலோ. அதைவிட அதிக எடை கொண்ட பதினான்கு வயதுச் சிறுவனுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்த இருக்கையின் சென்சாரை யாரோ கையால் மாற்றி அமைத்திருந்ததால், வழக்கத்தைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு இடைவெளி இருந்தும், தடுப்பு பூட்டியதைக் காட்டும் விளக்கு ‘சரி’ என்று எரிந்தது. கீழே பிரேக் பிடித்தபோது சிறுவன் நழுவி விழுந்து இறந்தான்.

தொடைக் கம்பிக்கும் கறை உண்டு. தொந்தி பெரிதாக இருந்தால் கம்பி வயிற்றில் முட்டி நின்றுவிடும். தொடை வரை இறங்காது. 2013 ஜூலையில் டெக்சாஸின் ஆர்லிங்டனில் ‘நியூ டெக்சாஸ் ஜயண்ட்’ கோஸ்டரிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தார். கம்பி சரியாகப் பூட்டவில்லையோ என்று அவர் ஊழியரிடம் கேட்டதாக, வரிசையில் நின்ற ஒருவர் பத்திரிகையிடம் சொன்னார். 2011-இல் நியூயார்க் மாநிலத்தின் டேரியன் லேக் பூங்காவில், இராக் போரில் இரு கால்களையும் இழந்த முன்னாள் படைவீரர் ஒருவர் கோஸ்டரிலிருந்து விழுந்து இறந்தார். இரண்டு காலும் உள்ளவர்தான் ஏறலாம் என்ற விதி அங்கே எழுதியே இருந்தது. தொடைக் கம்பி பிடிக்க வேண்டியதே தொடையைத்தான். நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவரிடம் ‘இறங்குங்கள்’ என்று சொல்ல எந்த ஊழியருக்கு நாக்கு எழும்?

ஆகவே கம்பியா தடுப்பா என்பதைவிட, சரிபார்ப்பது விளக்கா, கையா, பெல்ட்டா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. விளக்குக்கு அலுப்புத் தட்டாது. ஆனால் தடுப்பு எங்கே நிற்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும், உள்ளே உடம்பு எப்படி இருக்கிறது என்பது தெரியாது. கைக்கு அது தெரியும். நல்ல ஊழியர் கம்பியை ஒருமுறை கீழே அழுத்துவார், உடனே மேலே இழுத்துப் பார்ப்பார், பிறகுதான் கட்டைவிரலை உயர்த்துவார். ஆனால் உச்சிவெயிலில் ஆயிரமாவது கம்பியை இழுக்கும் கை, தொட்டும் தொடாமலும் நகர்ந்துவிடும். ‘கிளிக்’ சத்தத்தை எண்ணுவதும் எல்லா இடத்திலும் பலிக்காது. பற்சக்கரப் பூட்டுதான் சத்தம் போடும்; எண்ணெய் அழுத்தத்தில் பூட்டும் ஹைட்ராலிக் வகை எந்த இடத்திலும் மௌனமாக நின்றுவிடும்.

என் ஓட்டு பெல்ட்டுக்கு. தொடக்கத்தில் சொன்ன நிபந்தனையும் இதுதான்: கம்பியோடு பெல்ட்டும் வேண்டும். அதன் பலத்துக்காக அல்ல, அதன் நீளத்துக்காக. தடுப்பையும் இருக்கையையும் இணைக்கும் பெல்ட் ஓர் அளவுகோல். தடுப்பு போதுமான அளவு இறங்காவிட்டால் கொக்கி எட்டாது. இழுத்துப் பிடித்து மாட்ட வழியில்லை, வாக்குவாதத்துக்கும் இடமில்லை. மறுப்பது பெல்ட்தான், ஊழியர் வெறும் சாட்சி.

டெக்சாஸ் கோஸ்டர் அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் ஓடியபோது, கம்பியின் மெத்தையை மாற்றியதோடு பெல்ட்டும் சேர்த்திருந்தார்கள். வரிசையின் தொடக்கத்தில், உட்கார்ந்து பார்க்க ஒரு மாதிரி இருக்கையும் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். இரண்டு மணி நேரம் காத்திருந்து, மேடையில் ஊரே பார்க்க இறங்கச் சொன்னால் எவருக்கும் கோபம் வரும். ஊழியருக்கும் தயக்கம் வரும். மாதிரி இருக்கையில் அமர்ந்து பார்த்தவர், கொக்கி எட்டவில்லை என்றால், தானே எழுந்து வேறு ராட்டினத்தைத் தேடிப் போய்விடுவார்.