பட்டைத் தோலா, குரோம் லெதரா, ரெக்சினா? வெள்ளத்துல நனைஞ்ச அப்புறம் நான் வாங்குன பேக்

போன மாசம் ஒரு கூட்டாளி போன் போட்டு, "ஏல, லெதர் பேக் ஒண்ணு வாங்கணும், எது எடுக்கலாம், நீதான் அதப்பத்தி எப்பவும் பேசிக்கிட்டே இருப்பியே"ன்னு கேட்டான். அரை மணி நேரம் பேசியும் முடியல, அதான் எழுதியே போட்டுருதேன். நான் மெடிக்கல் ரெப். திருநெல்வேலில இருந்து தென்காசி, அம்பை, வள்ளியூர்னு வாரத்துல அஞ்சு நாள் பைக்லதான் பொழப்பு, பேக் தோள்ல தொங்கும் இல்லன்னா டேங்க் மேல கெடக்கும். ஏசி ரூம்லயே இருக்குறவங்களுக்கு நான் சொல்லப்போற பாதி விஷயம் தேவையே இல்ல, அத முதல்லயே சொல்லிட்டேன்.

விஷயம் ஆரம்பிச்சது 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட மழை கொட்டுச்சே, அந்த வெள்ளம்தான். எங்க வீடு சிந்துபூந்துறைல, ஆத்துக்குப் பக்கம். தண்ணி வருதுன்னு தெரிஞ்சதும் கைல கிடைச்சத எடுத்துக்கிட்டு பாளைல சித்தி வீட்டுக்குப் போயிட்டோம், திரும்பி வந்து கதவத் தொறந்தா இடுப்பளவு தண்ணி நின்ன கோடு செவத்துல அப்படியே இருக்கு, வீடு பூரா சேறு. அந்த சேத்துல இருந்து மூணு சாமான் எடுத்தேன். ஒண்ணு அப்பாவோட பழைய பட்டைத் தோல் பை. அப்பா பத்திர எழுத்தர், நான் பொறக்கதுக்கு முன்னாடியே திண்டுக்கல்ல தச்சு வாங்குனது, கட்டிலுக்கு அடில இரும்பு டிரங்குப் பெட்டில கெடந்துச்சு. ரெண்டாவது என்னோட கருப்பு ஷூ, குரோம் லெதர். மூணாவது வீட்டுக்காரியோட ஹேண்ட்பேக், கடைல லெதர்னு சொல்லி வித்தது, உண்மைல பியூ, அதாவது துணி மேல பாலியூரித்தேன் பிளாஸ்டிக் படலம் ஒட்டுனது.

மொத நாள் பாத்தா ஜெயிச்சது ஹேண்ட்பேக்தான். ஈரத்துணி வச்சு ஒரு தொடை, புதுசு மாதிரி பளபளன்னு ஆயிட்டு. அவ என்ன ஒரு பார்வ பாத்தா பாருங்க.

எட்டு மாசம் கழிச்சு அதே ஹேண்ட்பேக் கைப்பிடில இருந்து செதில் செதிலா உரிய ஆரம்பிச்சுது, வெள்ள சுடிதார்ல எல்லாம் கருப்பு துணுக்கு ஒட்டும். வெள்ளத்தால மட்டும்னு சொல்ல முடியாது, பியூவோட கொணமே அதுதான், காத்துல இருக்குற ஈரமே அந்த பிளாஸ்டிக் படலத்த கொஞ்சம் கொஞ்சமா உடைச்சுரும். பீரோல பொத்திப் பொத்தி வச்சிருந்தாலும் உரியும், இதான் கொடும. பழைய ரெக்சின்னா இப்படி உரியாது, ஆனா வெறச்சுப் போயி மடிப்புல வெடிச்சுரும். எங்க ஆபீஸ்ல குடுத்த ரெக்சின் பேக் அப்படித்தான் போச்சு. வெலை கம்மி, மழைக்கு பயமில்ல, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தூக்கிப் போட மனசு வந்தா தாராளமா வாங்குங்க. இதப்பத்தி இதுக்கு மேல எழுத ஒண்ணுமில்ல.

இனிதான் உண்மையான போட்டி, பட்டைத் தோலா குரோமா.

பட்டைத் தோல்னா ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் இதுல எல்லாம் ஊறவச்சு பதனிடுறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் காலங்காலமா நடக்குற தொழில், ஈ.ஐ. லெதர்னு சொல்லுவாங்க, ஈஸ்ட் இந்தியா கம்பெனி காலத்துப் பேரு, புவிசார் குறியீடும் இருக்கு. வாரக்கணக்குல ஆகும். குரோம்ங்கிறது குரோமியம் உப்பு போட்டு பதனிடுறது, ஒரு நாள் ஒன்றரை நாள்ல முடிஞ்சுரும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் பெரும்பாலும் இதுதான், மெட்ராஸ்ல குரோம்பேட்டைக்கு பேரு வந்ததே குரோம் லெதர் கம்பெனியாலதான். கடைல எப்படி கண்டுபிடிக்கன்னா, வெட்டுன ஓரத்த பாருங்க. பட்டைத் தோல் உள்ள வரைக்கும் பழுப்பா இருக்கும், குரோமுக்கு நடுவுல லேசா சாம்பல் நீலம் தெரியும், பியூன்னா அடில துணி தெரியும். ஓரத்துல பெயின்ட் அடிச்சு மறைச்சிருந்தா உள்பக்கம் ஜிப் தைக்கிற எடத்துல பாருங்க, அங்க யாரும் மெனக்கெட மாட்டாங்க. 'ஜென்யூன் லெதர்'னு முத்திரை குத்தியிருக்குன்னு நம்பி ஏமாறாதிய, மேல் தோல சீவி எடுத்த மிச்ச அடித்தோலுக்கும் அதே முத்திரைதான்.

அழகுன்னு பாத்தா பட்டைத் தோலுக்கு முன்னால குரோம் நிக்காது, ஒத்துக்கிடுதேன். அந்த வாசம், கை பட்டுப் பட்டு தேன் கலர்ல இருந்து கருப்பட்டி கலருக்கு மாறுறது, இதெல்லாம் குரோம்ல வராது. நெட்ல வீடியோ போடுற எல்லாரும் பட்டைத் தோலத்தான் தலைல தூக்கி வைக்காங்க. எனக்கும் ஆச இருந்துச்சு, காசும் கைல இருந்துச்சு, ஆனா நான் போய் எடுத்தது குரோம். ஏன்னா ஈரம். அந்த ஒரே காரணத்தத்தான் இப்ப விலாவாரியா சொல்லப்போறேன்.

அப்பா பைய டிரங்குல இருந்து எடுக்கும்போது அது கருப்பா, நீலமா திட்டுத் திட்டா இருந்துச்சு. சேறுன்னு நெனச்சு தேய்க்கேன், தேய்க்கேன், போகவே மாட்டேங்கு. அப்பா பக்கத்துல வந்து பாத்துட்டு சிரிச்சாவ. "எதுக்குல தேய்க்க, அது அழுக்கு இல்ல, மை"ன்னாவ. அந்தக் காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) போட்டு மை காய்ச்சுவாங்கல்லா, அதே கததான், பட்டைத் தோல்ல இருக்குற துவர்ப்பும் டிரங்குப் பெட்டி துருவும் தண்ணில சேந்து பை பூரா மையா எறங்கிட்டு. வாழ்நாள் பூரா பத்திரம் எழுதுன மனுசனுக்கு அது உடனே வெளங்கிட்டு, எனக்குத்தான் வெளங்கல. இதுல இருந்து ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க, பட்டைத் தோல் சாமான ஈரத்தோட இரும்பு பக்கத்துல வைக்கக் கூடாது. இரும்புச்சத்து இருக்குற போர் தண்ணி வச்சு தொடைச்சாலே புள்ளி விழும். பித்தளை பக்கிள் இருந்தா வேற பிரச்சன, தோல்ல இருக்குற எண்ணெயும் பித்தளையும் சேந்து பச்சையா பிசுபிசுன்னு கக்கும், அத அப்பப்ப தொடைச்சு எடுக்கணும்.

சரி மை போனாப் போகுதுன்னு வச்சா, அதோட முடியல. மழை விட்டு வெயில் அடிச்ச மொத நாளே அம்மா அந்தப் பைய கொண்டுபோயி தட்டட்டில, அதான் மொட்டை மாடில, காயப்போட்டுட்டா, துணி காயப்போடுற மாதிரி. சாயங்காலம் எடுத்தா பலகை. மடிச்சா டப்புன்னு வெடிப்பு. தோல்ல நாருக்கு நடுவுல இருக்குற எண்ணெய் எல்லாம் தண்ணியோட போயிரும், அப்புறம் வேகமா காயும்போது நாரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெறச்சுரும், பெறவு எவ்வளவு எண்ணெய் தேய்ச்சாலும் வெடிப்பு வெடிப்புதான். அம்மாவ குத்தம் சொல்ல முடியாது, வீடே சேறா கெடக்கும்போது யாரு இதெல்லாம் யோசிப்பா.

என் ஷூவுக்கு வருவோம். அதுவும் அதே தண்ணில அத்தன நேரம் கெடந்ததுதான். உள்ள பேப்பர் திணிச்சு, பேப்பர் நனைய நனைய மாத்தி, நெழல்ல ஃபேனுக்கு நேரா நாலு நாள் வச்சேன். வெள்ளையா உப்பு கோடு விட்டுச்சு, ஈரத்துணில தொடைச்சேன், ஷூ கிரீம் ரெண்டு தடவ. சோல் ஒட்டு விட்டுருந்துச்சு, வண்ணார்பேட்டைல செருப்பு தைக்கிற அண்ணாச்சிகிட்ட குடுத்து சுத்தி தையல் போட்டேன். இப்ப வரைக்கும் அதத்தான் மாட்டிக்கிட்டுத் திரியுதேன். நேர்மையா சொல்லணும்னா ஷூவ நெழல்ல வச்சேன், பை வெயில்ல போச்சு, ரெண்டும் சம போட்டி இல்ல. ஆனாலும் குரோம் தோல் தண்ணிக்கும் சூட்டுக்கும் தாங்குறது வேற ரகம். பட்டைத் தோல் நனைஞ்சு இருக்கும்போது 70, 80 டிகிரி சூட்டுல சுருண்டுரும், நல்லா பதனிட்ட குரோம் கொதிக்குற தண்ணிய தாங்கும், தொழில்ல அத வச்சுத்தான் பதம் பாப்பாங்க.

வெள்ளம் தெனமுமா வருதுன்னு கேப்பிய. வராது. ஆனா சாரல் வருஷா வருஷம் வருது. ஜூன், ஜூலைல என் ரூட்ட பாருங்க, காலைல ஆலங்குளம் வரைக்கும் மண்டைய பொளக்குற வெயிலும் காத்தும், பாவூர்சத்திரம் தாண்டுனா காத்து மாறும், தென்காசி போறதுக்குள்ள பேக் மேல பன்னீர் தெளிச்ச மாதிரி ஈரம். சாயங்காலம் திரும்பும்போது மறுபடி வெயில். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ நனைஞ்சு ரெண்டு தடவ காயுது. என்கூட வேல பாக்குற தென்காசிக்காரப் பையன் ஒருத்தன் ஆசப்பட்டு பட்டைத் தோல் பேக் ஆறாயிரத்து ஐநூறு குடுத்து எடுத்தான். மொத சாரல்லயே மேல அம்மை போட்ட மாதிரி துளித் துளியா கறை. சரி எண்ணெய் போடுவோம்னு வாரம் ஒருக்கா போட்டான், அதுதான் வினையாப் போச்சு, எண்ணெய் பூசணத்துக்கு சாப்பாடு, மழை ஓயாத பத்து நாள் பேக்க பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பீரோல வச்சிருக்கான், எடுத்தா பச்சையும் வெள்ளையுமா பூசணம் பூத்து நிக்கு. இப்ப அவன் அந்தப் பேக்க தூக்குறது மார்ச்ல இருந்து மே வரைக்கும் மட்டும்.

குரோம்ல பூசணமே பூக்காதுன்னு சொல்ல வரல. எனக்கே பேக்கோட அடிப்பக்கம் ஒருக்கா பூத்துச்சு, போன ஐப்பசில. வெளிய தூக்கிட்டுப் போயி காஞ்ச பிரஷ் வச்சு தட்டிட்டு (வீட்டுக்குள்ள தட்டுனா மத்த சாமானுக்கும் பரவும்), சர்ஜிக்கல் ஸ்பிரிட்ட தண்ணி கலந்து துணில லேசா தொட்டு தொடைச்சேன், மறைவான எடத்துல கலர் போகுதான்னு பாத்துட்டுத்தான். காத்தாட ஒரு நாள், அப்புறம் கிரீம். முடிஞ்சு போச்சு. கறை இல்ல. இதே வேலைய பட்டைத் தோல்ல செஞ்சா ஸ்பிரிட் பட்ட எடம் தனியா தெரியும்.

நான் மொத்தத்துல பண்ணுற பராமரிப்பே இவ்வளவுதான்: நனைஞ்சா துணில ஒத்தி எடுத்து நெழல்ல காயவிடுறது, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கலர் இல்லாத ஷூ கிரீம், வைக்கும்போது பழைய தலகாணி உறைக்குள்ள, பிளாஸ்டிக் கவர் கிட்டயே விடுறதில்ல. தேங்காண்ணெய் தேய்க்கச் சொல்லி அம்மா இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா. தேய்க்காதிய. கலர் கறுத்துப் போகும், தூசி அப்பும், நாளாக நாளாக சிக்கு வாடை அடிக்கும்.

ரிப்பேர்ல ரெண்டு தோலும் ஒண்ணுதான், ஊசி போனா நிக்கும். நாலாயிரத்து எரநூறுக்கு வாங்குன என் பேக்ல ஜிப் ரன்னர் ஒருக்கா போச்சு, வார் தையல் ஒருக்கா விட்டுச்சு, ரெண்டும் அண்ணாச்சிதான் பாத்தாரு. அந்த உரிஞ்ச ஹேண்ட்பேக்கையும் அவர்கிட்ட நீட்டுனேன். கைல வாங்கக்கூட இல்ல. "ஊசி போட்ட ஓட்டைலயே கிழியும் தம்பி, எனக்கு காசு குடுக்கதுக்கு புதுசு வாங்கிக் குடுத்துருங்க தங்கச்சிக்கு"ன்னுட்டாரு.

குரோமுக்கு எதிரா ஒண்ணு இருக்கு, அத மறைச்சா தப்பு. தோல் கழிவு கலந்து பாலாத்துக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், 1996ல சுப்ரீம் கோர்ட் வேலூர் பக்கம் தோல் பதனிடுற ஷாப்புகள் வழக்குல தீர்ப்பு சொல்லுற அளவுக்குப் போச்சு. பட்டை போடுற எடத்துலயும் உப்புத் தண்ணி, கழிவுத் தண்ணி உண்டு, திண்டுக்கல்காரங்கள கேட்டா சொல்லுவாங்க, ஆனா குரோமியம் தனிப் பிரச்சன. இது உறுத்துதுன்னா நீங்க பட்டைத் தோலுக்குப் போறதுல நான் சண்டைக்கு வரமாட்டேன். செலருக்கு குரோம் தோல் பட்டா அரிப்பும் வரும், கால்ல செருப்பு வார் அடையாளத்துலயே தடிச்சா சந்தேகப்படுங்க.

அப்புறம் நான் சொல்லுறது பேக்குக்கும் ஷூவுக்கும் மட்டுந்தான். பெல்ட்டு, பர்ஸ், வாட்ச் வாரு இதுக்கெல்லாம் பட்டைத் தோல்தான், குரோம் பெல்ட் நாளாக நாளாக இழுத்துப் போயி ஓட்டை நீளமாயிரும், பட்டைத் தோல் வெறப்பா நிக்கும். என் குரோம் பேக் வாங்கி ஒன்றரை வருஷந்தான் ஆகுது, அப்பா பை முப்பது வருஷத்துக்கு மேல ஓடுச்சு, அதனால 'குரோம்தான் ரொம்ப நாள் வரும்'னு நான் அடிச்சுப் பேச முடியாது. பழசா வித்தா எது வெலை போகும்னும் ஒருத்தன் கேட்டான், நம்ம ஊர்ல பழைய பேக்க யாருவே வாங்குதா.

அப்பா பைய தூக்கிப்போட மனசு வராம ஒரு வருஷம் ஆணில தொங்குச்சு. போன தைல அத அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பின்பக்கம் வெடிக்காத எடமா ஒரு சாண் அளவு வெட்டி எடுத்து, மடக்கி பர்ஸா தச்சுக் குடுத்தாரு, எரநூத்தம்பது ரூவா. ஒரு மூலைல அந்த நீல மை புள்ளி மட்டும் இருக்கு. வேற எடத்துல வெட்டவான்னு கேட்டாரு, அப்பா வேண்டாம்னுட்டாவ. இப்ப பென்ஷன் எடுக்கப் போறப்ப சட்டைப் பைல அதான் இருக்கு, ஓரம் எல்லாம் நல்லா கறுத்து வருது.