லட்சுமியின் யானையா, வெஸ்ஸந்தரனின் யானையா?

மலையகத்தில் வரையப் பழகும் பிள்ளைக்கு முதலில் கைக்கு எட்டுவது கலண்டர் சாமிப் படம்தான். லயத்து வீட்டுச் சுவரில் எப்படியும் ஒரு லட்சுமி இருப்பாள். இன்னொரு பக்கம், சித்திரப் பாடத்தில் படிக்கிற கண்டிக்காலச் சுவரோவியங்கள். அவற்றில் கண்டிக்கு அருகே தெகல்தொருவ விகாரையில் உள்ள வெஸ்ஸந்தர ஜாதகம் பேர்போனது. கேட்டதையெல்லாம் தானம் கொடுத்த இளவரசன் வெஸ்ஸந்தரனாக புத்தர் எடுத்த முற்பிறவியின் கதை அது. இரண்டிலும் மனிதரும் யானையும் உண்டு. எதைப் பார்த்து வரைந்து பழகுவது?

கலண்டர் லட்சுமி என்றால் ஓவியர் ராஜா ரவி வர்மாவிடம் போகவேண்டும். அவருடைய லட்சுமி 1896இல் வரையப்பட்ட எண்ணெய் வர்ண ஓவியம். தாமரை மேல் நான்கு கைகளோடு தேவி, அருகில் மாலை ஏந்திய யானை. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் இப்படியான படங்களைக் கல்லச்சில் அடித்துப் பரப்பியது. அப்புறம் எத்தனையோ பேர் அவற்றைப் பார்த்து வரைந்து நிறத்தைக் கூட்டிவிட்டார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது பெரும்பாலும் நகலின் நகல். கன்னத்தில் ரோஸ் ஏறியிருக்கும், நிழல் செத்திருக்கும். இந்த ஓவியத்தில் கற்க வேண்டியதே நிழல்தானே! ஆகவே கலண்டரை விட்டுவிட்டு, மூல ஓவியத்தின் நல்ல புகைப்படத்தைத் தேடிப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி இறக்கினாலும் புதியவருக்கு இந்த லட்சுமி கஷ்டம். சேலை மடிப்பு, நகை, முகம் என்று நேரமெல்லாம் தேவிக்கே போய்விடும். கடைசியில் அவசரத்தில் பூசிய யானை சாம்பல் பாறையாக நிற்கும். அதோடு, கோடு தவறினாலும் நிழலைத் தேய்த்து மறைத்துவிடலாம். பழகுகிறவருக்கு அந்த வசதி நல்லதல்ல.

தெகல்தொருவவில் ஒளிய இடமில்லை. 18ஆம் நூற்றாண்டில், கண்டி மன்னர் காலத்தில் தீட்டியவை அவை. சிவப்புப் பின்னணியில் பட்டை பட்டையாகக் கதை ஓடும். நிழல் கிடையாது, தூரம் காட்டும் வித்தையும் கிடையாது. வெள்ளை யானையைத் தானம் கொடுக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகு, வயிறு, தும்பிக்கை எல்லாமே கோடுதான். கோடு கொஞ்சம் நடுங்கினால் யானைக்கு நோய் வந்தது போலத் தெரியும். மனிதரும் விலங்கும் ஒன்றையொன்று மறைக்கும் இடத்தில் எந்தக் கோடு முன்னால், எது பின்னால் என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டிவரும். உருவம் வரைவதில் பாதி வேலை அதுதான்.

இதிலும் குறை உண்டு. உடம்பின் கனம், வெளிச்சம் விழும் திசை எதையும் இந்த ஓவியம் கற்றுத் தராது. கோயில் திரை, உருவப்படம் என்று வரைந்து சம்பாதிக்க நினைப்பவர் ஒருநாள் ரவி வர்மாவிடம் வந்தே ஆகவேண்டும். ஆனாலும் முதலில் சுவரோவியம் என்பதே என் கட்சி. யானையைத் தனியாக, பிறகு மனிதரை, பிறகு இரண்டையும் சேர்த்து. லட்சுமிக்கு வரும்போது அவளுடைய யானையை மட்டும் கறுப்பு வெள்ளையில் வரைந்து பார்த்த பிறகு வர்ணத்தைத் தொடலாம்.

கட்டம் போட்டு வரைவது லட்சுமிக்குச் சரி, அளவு தப்பாது. சுவரோவியத்துக்கு வேண்டாம். கட்டத்துக்குக் கட்டம் நின்று வரைந்தால் ஒரே இழுப்பில் வரவேண்டிய கோடு துண்டு துண்டாகிவிடும். ட்ரேஸ் எடுப்பதால் கை பழகாது.

செலவிலும் சுவரோவியமே முந்துகிறது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என நாலு போஸ்டர் கலர் போத்தல்களும் டிமை தாளும் போதும், தட்டையாகப் பூசுவதற்கு அதுவே பொருத்தம். லட்சுமியை வாட்டர் கலரில் முயன்றால் அடுக்கடுக்காக நிறம் ஏற்ற வேண்டும். நுவரெலியாப் பனியில் முதல் அடுக்கு காய்வதற்குள் பொறுமை போய்விடும். ஈரத்தில் அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலந்து சேறுதான். அவசரமென்றால் அடுப்படிச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கலாம், தாள் சுருளாமல் ஓரங்களைப் பலகையில் ஒட்டிவிட்டு.