புவி இயற்பியல் துறையின் கருவி அறை: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் முதுநிலை படித்த புவி இயற்பியல் துறையின் களக் கருவிகளை இரண்டு ஆண்டுகள் தோளில் சுமந்து வேலை செய்தவன் என்ற முறையில், இத்தகைய துறைகளில் சேர விரும்பும் மாணவர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

மனநிறைவோடு பாராட்டக்கூடியது, நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளக்கும் மின்தடை அளவைக் கருவி. ஷ்லம்பர்ஜர் முறையில் மின்முனைகளை நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் 100 மீட்டர் வரை நகர்த்திச் சென்றால், மேல்மண், சிதைந்த பாறை, கெட்டிப் பாறை ஆகியவை வரைபடத்தின் வளைவுகளில் தெரியவரும். சித்திரை வெயிலில் இறுகிய செம்மண்ணில் எஃகு முனையைச் சுத்தியலால் அடித்து இறக்கி, அதன் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றியதும், அதுவரை தாவிக்கொண்டிருந்த அளவு மெல்ல அடங்கி நிலைகொள்ளும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கேபிள்களின் ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்து அனுப்பும் ஆய்வக உதவியாளருக்கு இந்தப் பாராட்டில் பெரும்பங்கு உண்டு.

அதிர்வலைகள் பாறையில் வளைந்து திரும்பிவரும் நேரத்தை அளக்கும் நில அதிர்வு விலகல் ஆய்வுக்கான, தரையின் அதிர்வை உணரும் 24 ஜியோபோன்களில் மூன்று வேலை செய்யவில்லை. ஆயினும் இரும்புத் தகட்டின் மேல் சம்மட்டியால் அடித்து ஆழம் குறைந்த பாறைமட்டத்தைக் கண்டறிய மற்றவை போதுமானவை.

இடத்துக்கு இடம் புவியீர்ப்பில் உள்ள நுண்ணிய வேறுபாட்டை அளக்கும் ஈர்ப்புமானியைப் பற்றித்தான் வருத்தத்தோடு எழுத வேண்டியுள்ளது. லகோஸ்ட்–ராம்பெர்க் வகையைச் சேர்ந்த அக்கருவி 0.01 மில்லிகல் (ஈர்ப்பு முடுக்கத்தின் அலகு) வேறுபாட்டையும் காட்டவல்லது. கருவியை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயர்த்தினாலே அந்த அளவு மாற்றம் ஏற்பட்டுவிடும். ஆனால் உயரம் அளக்க எங்களுக்குத் தரப்பட்டது, சில மீட்டர்கள் பிழை காட்டும் கையடக்க ஜிபிஎஸ் மட்டுமே. கட்டடப் பொறியியல் துறையில், உயர வேறுபாட்டைத் துல்லியமாக அளக்கும் மட்டமானியை இரவல் வாங்கி, இரண்டு நாள் கூடுதலாக உழைத்த பிறகே எங்கள் அளவீடுகள் பயன்பட்டன.

துறையில், பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் புரோட்டான் காந்தமானி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இடைவார், சாவி, கைபேசி அனைத்தையும் கழற்றி வைத்துவிட்டு எவ்வளவு கவனமாக அளந்தாலும் இந்தக் குறை ஈடாகாது. எங்கள் களமான திருநெல்வேலிப் பகுதி காந்த நடுக்கோட்டை, அதாவது பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக அமையும் கோட்டை, ஒட்டியது. மேலே அயனி மண்டலத்தில் பகலில் பாயும் மின்னோட்டத்தால் நண்பகலை ஒட்டிக் காந்தப்புலம் பல பத்து நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வரை உயர்ந்து இறங்கும். பாறை காட்டும் மாற்றத்தையும் வானம் காட்டும் மாற்றத்தையும் பிரித்தறிய, ஓரிடத்தில் நிலையாக அமைத்த அடிநிலையத்தில் இன்னொரு கருவி நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது இல்லாததால் மணிக்கொரு முறை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து அளந்தோம். அரை நாள் அதிலேயே கழிந்தது.

இப்போது துறை, ரேடியோ அலைகளை நிலத்துக்குள் செலுத்தி அடியில் உள்ளவற்றைக் காட்டும் தரை ஊடுருவு ராடார் வாங்கத் திட்டமிடுவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு முன்பாக இரண்டாவது காந்தமானியையும் சொந்தமாக ஒரு மட்டமானியையும் வாங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.